பழைய பேரேடு படித்துக் கொடுக்கும் தேவகோட்டைப் பெரியவர்

வீட்டுப் பெட்டகத்தில் பினாங்கு, ரங்கூன் காலத்துக் கணக்கேடுகள் கிடந்து, அவை எந்த வருஷத்தவை, அவற்றில் என்னதான் எழுதியிருக்கிறது என்று புரியாமல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரியவர் இந்த வேலையைச் செய்து கொடுக்கிறார். தாராளமாகக் கொண்டுபோங்கள். காசு கொடுத்ததற்கு மேலேயே எங்களுக்குக் கிடைத்தது. சில குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஊருக்குள் போய்ப் பழைய கணக்குப் படிக்கிறவர் வீடு எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

அவருடைய அப்பா ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை. இவரும் சின்ன வயதிலிருந்தே பேரேட்டோடு வளர்ந்தவர். தமிழ் எண், கீழ்வாய் இலக்கம் (பின்னக் கணக்கு), உண்டியல் (ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பும் சீட்டு), ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் மொத்தக் கணக்கு) எல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அல்ல, கையால் எழுதிப் பழகியவை. அந்த வித்தியாசம் ஏட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இவரிடம் போவதற்கு முன்னால் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் எங்கள் ஏட்டைக் கொடுத்திருந்தோம். ஸ்கேன் செய்து, எழுத்தைத் தட்டச்சு செய்து, அழகான கோப்பாகத் தந்தார்கள். ஸ்கேன் நன்றாக இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் தொகைகளில் பாதியை எழுத்து என்று நினைத்துத் தட்டியிருந்தார்கள். ௩௱௫௰௬ என்று இருந்தால் அது முந்நூற்று ஐம்பத்தாறு. பழைய முறையில் பூஜ்ஜியம் கிடையாது, நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி. அதைத் தெரியாதவர் பார்த்தால் 'ருயசு' மாதிரி ஏதோ எழுத்தாகத்தான் தெரியும். அதையாவது திருத்திக்கொள்ளலாம். அவர்கள் போட்டிருந்த வருஷம்தான் பெரிய தப்பு. ஏட்டின் முதல் பக்கத்தில் 'தாது ௵' என்று இருப்பதைப் பார்த்து 1876 என்று எழுதி, பக்கத்திலேயே 'தாது வருஷப் பஞ்ச காலக் கணக்கு' என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கோப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லோரும் பாட்டையா (எங்கள் கொள்ளுத்தாத்தா) பஞ்சத்தில் கப்பலேறினார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவர் அந்தக் குறிப்பைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டைப் புரட்டிச் செலவுக் கணக்குப் பக்கத்துக்குப் போய், ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்க பாருங்க ஆச்சி, கார் பெட்ரோல் பற்று. 1876ல பினாங்கில யாரு பெட்ரோல் போட்டா?" என்றார். அவ்வளவுதான், அறுபது வருஷம் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், வருஷப் பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்லவே முடியாது. தாது என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். எந்தச் சுற்று என்பதை ஏட்டுக்குள் இருக்கும் மற்ற விஷயங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். இவர் ஒரு சான்றோடு நிறுத்துவதில்லை. பெட்ரோல் ஒன்று. இரண்டாவதாக அவர் காட்டியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம், அதற்குக் கீழே 'தாது ௵ தை ௴ ௧௨ ௳'. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௷ இருந்தால் வரவு, ௶ இருந்தால் பற்று. இந்தப் பக்கத்தில் என் அப்பச்சியின் (அப்பாவின்) அப்பத்தா பேரில் ஒரு வரவு. ரூபாய் 3,110, அதற்கு வெள்ளி 2,000 என்று எழுதியிருக்கிறது. மலாயா டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் எழுதுவார்கள். பெரியவர் ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தார். நூறு வெள்ளிக்கு நூற்று ஐம்பத்தைந்தரை ரூபாய். உடனே, "இது 1925க்கு அப்புறம் உள்ள விலை" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அந்த வெள்ளியை, அதாவது ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரை, 1906-இல் ஆங்கிலேயப் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று நிலையான விலைக்குக் கட்டிவைத்தார்கள். நம் ரூபாய் முதல் உலகப் போருக்கு முன்னால் 1 ஷில்லிங் 4 பென்ஸ், 16 பென்ஸ். அந்தக் கணக்கில் நூறு வெள்ளிக்கு 175 ரூபாய் வரும். போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் ரூபாய் ஏறி இறங்கி, 1920-களின் நடுவில் 18 பென்சுக்கு வந்து நின்று, 1927-இல் அது சட்டமும் ஆனது. 28-ஐ 18-ஆல் வகுத்தால் நூறு வெள்ளிக்கு 155 ரூபாய் 9 அணா சுமார். உண்டியல் கமிஷன், அன்றைய கடை விலை என்று அணாக் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் 175-க்கும் 155-க்கும் நடுவில் குழப்பம் வர வழியே இல்லை. ஆக இந்த வரி 1936-ஐ ஒட்டிய தாதுவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரே ஒரு வரவு வரியிலிருந்து இவ்வளவு எடுக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

இதோடு முடியவில்லை. தாது என்றதும் 1936 என்று போட்டுவிடக் கூடாது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. சித்திரையிலிருந்து மார்கழி நடு வரைதான் 1936, அதற்குப் பிறகு மார்கழியின் மிச்சம், தை, மாசி, பங்குனி எல்லாம் 1937. நம் வரவு தை மாதத்து வரவு, ஆகவே 1937. ஒரு வருஷ வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் வட்டி கணக்கிடும்போதும், யார் எப்போது கப்பலேறினார், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று ஒட்டிப் பார்க்கும்போதும் இந்த ஒரு வருஷம்தான் எல்லாவற்றையும் குழப்பும்.

என் தம்பி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கிறான். இதைப் போனில் சொன்னபோது, அங்கே ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் குடும்பக் கணக்கேடுகளைப் பார்ப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு என்றான். 1752-க்கு முன்னால் அங்கே மார்ச் 25-இல்தான் வருஷம் பிறக்குமாம். அதனால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு 1731/32 என்று இரண்டு வருஷத்தையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாளே 14 என்று பதினொரு நாளைத் தள்ளியும் விட்டார்கள். பணமும் அப்படித்தான். எல்லா ஏட்டிலும் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்றே இருக்கும், ஆனால் ஒரே ஸ்பானிஷ் டாலர் நியூ இங்கிலாந்துக் கணக்கில் 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ். எந்த ஊர்ப் பவுண்டு என்று தெரியாமல் தொகையை எடுத்து ஒப்பிட்டால் எல்லாம் தப்பாகப் போகும். நம் ஏட்டில் ரூபாயும் வெள்ளியும் அடுத்தடுத்த வரியில் வருவதைப் பார்த்தபோது தம்பி சொன்னது நன்றாகவே விளங்கியது.

வட்டிக்கு வருகிறேன். அப்பத்தா பேரில் இருந்த வெள்ளி 2,000-க்கு வட்டி 'அரையே அரைக்கால்' என்று எழுதியிருந்தது. வெளியூர் நிறுவனம் அதை 0.625 சதவீதம் என்று சரியாகவே மாற்றியிருந்தது, ஆனால் அது மாத வட்டி என்று போடவில்லை. படித்தவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சித்தப்பா, பாட்டையா பெண்டாட்டி பணத்துக்குச் சும்மா பேருக்கு வட்டி கொடுத்திருக்கிறார் என்றே குழுவில் எழுதினார். நூற்றுக்கு மாதம் அரையே அரைக்கால் என்றால் வருஷத்துக்கு ஏழரை. 2,000 வெள்ளிக்கு மாதம் பன்னிரண்டரை வெள்ளி, வருஷத்துக்கு 150. பெரியவர் மாத வரவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வட்டி முதலோடு சேர்ந்து போவதையும் காட்டினார். ரங்கூனில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள், தவணை வட்டி வேறு, வெளியாருக்குக் கடன் கொடுக்கும் வட்டி வேறு, ஏட்டில் வட்டி என்று பார்த்தால் எது என்று முதலில் கேட்க வேண்டும் என்றார்.

இந்த வரவை அவர் ஆச்சிமார் பணம் என்றார். கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பணத்தை அவள் பேரிலேயே வட்டிக்கடையில் போட்டு வைத்து வட்டி சேர்ப்பது நம் வழக்கம். எனக்கு இதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் சொல்லி வருவது, பாட்டையா வெறுங்கையோடு போய்ச் சம்பாதித்து முகப்பும் வளவும் வைத்து வீடு கட்டினார் என்பதுதான். அந்தப் பெரிய மனுஷியின் பேர் அந்தக் கதையில் எங்குமே கிடையாது. அப்படியானால் அவர் பணத்தில்தான் கடையே நடந்தது என்று சொல்லலாமா என்று கேட்டேன்.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆச்சி பேர்ல பணம் இருந்துச்சு, வட்டி சேர்ந்துச்சு, ஏடு முடியிற வரைக்கும் ஒரே ஒரு பற்றுதான், அதுவும் ஊருக்கு உண்டியல் போனது. அம்புட்டுத்தான் இந்த ஏட்டுல இருக்கு. கடையோட முதல் பணம் எம்புட்டுன்னு ஐந்தொகையப் பாத்தாத்தான் தெரியும், அந்த ஏடு உங்ககிட்ட இல்ல" என்றார். இவரிடம் நான் மதிப்பது இதைத்தான். நாம் ஆசைப்படுவதை அவர் சொல்ல மாட்டார். எழுதிக் கொடுத்த நோட்டிலும் ஏட்டில் உள்ளதைப் பேனாவிலும், தானே கணக்கிட்டதை அதன் கீழே அடைப்புக்குள்ளும், ஊகத்தைப் பென்சிலில் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். யார் எப்போது எடுத்துப் படித்தாலும் எது எது என்று தெரியும்.

அப்புறம், ஏடு ஏன் ஆவணியில் ஆரம்பிக்கிறது, முன்பக்கங்கள் கிழிந்துவிட்டனவா என்று ஒரு சந்தேகம் இருந்தது. கிழியவில்லை. கடையை நடத்த இங்கிருந்து போகும் மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே வீட்டில் கொடுத்துவிடுவார்கள், அவர் பொறுப்பெடுத்த நாளில் புது ஏடு போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் பழைய ஏட்டின் பாக்கிகள் வரிசையாக வந்திருப்பதை வைத்து அதைச் சொன்னார். தையல் கயிறும் முதல் முடிச்சிலிருந்து குலையாமல் இருந்தது.

ஆளை அடையாளம் காண்பதிலும் இவர் நிதானம். நம்மில் மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பதால் விலாசத்து எழுத்துகள் (பெயருக்கும் கடைக்கும் முன்னால் போடும் முதலெழுத்துகள்) ஒரு தலைமுறை விட்டு அப்படியே திரும்ப வரும். ஏட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக அது நம் பாட்டையாதான் என்று முடிவு கட்ட முடியாது. கல்யாணத்து இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம் எழுதிய ஏடு) இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிரிவுக்குரிய நகரக் கோயிலில் புள்ளிக் கணக்கைக் கேளுங்கள் என்றார். புள்ளி என்பது கல்யாணமான குடும்பத்துக்கு என்பதால், எந்தப் பெயர்க்காரர் எப்போது தனிப் புள்ளியானார் என்று அங்கே பிடித்துவிடலாம். நாங்கள் மாத்தூர்க் கோயில், கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

தேதியில்லாத ரங்கூன் கடிதம் ஒன்றும் உறையோடு இருந்தது. முத்திரை அழிந்துபோய்விட்டது. ஸ்டாம்பில் ஐந்தாம் ஜார்ஜ் தலை, அதன்மேல் பர்மா என்று ஆங்கிலத்தில் அச்சு. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1, அன்றிலிருந்துதான் இந்திய ஸ்டாம்பில் இப்படி மேலச்சு போட்டார்கள், ஆகவே அதற்கு முன்னால் போட்ட கடிதமாக இருக்க முடியாது. உறைக்குள் இருப்பது அந்த உறைக்கு உரிய கடிதம்தானா என்று அதையும் மடிப்பு வைத்துப் பார்த்தார். கடிதத்தில் கடன் வராமல் நிலம்தான் வருகிறது என்ற புலம்பல். 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவர்கள் கட்ட முடியாமல் போய், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் இழந்த குடியானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்பதையும் பெரியவர் மறைக்காமல் சொன்னார். 1948-இல் பர்மாவில் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. அந்தக் கடிதத்தில் பெயர் பெயராக எழுதியிருக்கும் ஏக்கர்கள் எங்கே போயின என்று நாங்கள் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்ததற்குப் பதில் அதில் இருக்கிறது.

இன்னொரு சின்ன ஏடு சுபானு, தாரண வருஷத்தது. தொகைகள் எல்லாம் மலை மாதிரி ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பணம் கொட்டிய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அது 1943, 1944, மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்த காலம், எழுதியிருக்கும் வெள்ளி ஜப்பான் நோட்டு. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாக் காசு. அந்த நோட்டில் திருப்பிக் கட்டிய பழைய கடன்களை எப்படி மதிப்பிடுவது என்று மலாயாவில் 1948-இல் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கள் ஏட்டில் முப்பதுகளில் வாங்கிய கடனை ஒருவர் தாரண வருஷத்தில் ஒரே மூச்சில் அடைத்திருக்கிறார். பெரியவர் அந்த வரியைக் காட்டிவிட்டு மேலே ஒன்றும் எழுதவில்லை.

இனிக் குறைகள். ரொம்ப மெதுவு. ஒரு ஏட்டுக்கு மாதக் கணக்கில் ஆகும், அவசரமாக வேண்டும் என்றால் இவர் சரிப்பட மாட்டார். போனை எடுப்பது அபூர்வம். எழுதிக் கொடுப்பது எல்லாம் கையெழுத்தில், கணினியில் ஏற்றிக்கொள்வது நம் பொறுப்பு. ஓலைச் சுவடி பார்ப்பதில்லை, காகித ஏடு மட்டும்தான். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொடும் பழக்கம் உண்டு. எங்கள் ஏட்டின் ஓரமெல்லாம் பூச்சி அரித்துப் பொடிந்திருந்ததால் பதறிவிட்டேன். சொன்னதும் கோபப்படாமல் நிறுத்திவிட்டார், ஆனால் சொல்ல வேண்டும். முன்கூட்டியே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுப்பது நல்லது.

கட்டணம் நியாயமானது. ஏட்டைப் பார்த்துக் காலம் மட்டும் சொல்ல 500 ரூபாய், பக்கம் பக்கமாகப் படித்து எழுதித் தர பக்கத்துக்கு 80 ரூபாய். சொத்துத் தகராறுக்காகக் கேட்டால் வாங்க மாட்டார். முதலிலேயே கேட்டுவிடுவார், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

போகிறவர்கள் ஏட்டைத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் செருகியிருக்கும் துண்டுச் சீட்டு, உறை, புரோநோட்டு, சீர் சாமான் பட்டியல் எது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். அது இருக்கும் இடமே அவருக்குச் சான்று. முத்திரைத்தாள் இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள், விற்ற தேதி அங்கே இருக்கும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பேரேடுகளை விற்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் படிக்க ஆள் இல்லை என்றுதான் விற்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு தடவை இவரிடம் காட்டிவிடுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்த புத்தகங்களை வைத்து 1994-இல் சென்னையில் தொடங்கிய நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

காலையில் பத்து மணிக்குள் போனால்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் கண் தெரியவில்லை என்று ஏட்டை மூடிவிடுகிறார். ஜிபே இருக்கிறது, பேரன் போனுக்கு அனுப்ப வேண்டும்.